கவர் லெட்டருக்கு ஒரு பிரேயர்

கவர் லெட்டர் என்ற வார்த்தையை நான் வீட்டில் முதன்முதலாகச் சொன்னபோது, அப்பா அலமாரியைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து நீட்டினார். "நீளக் கவர் வேணுமா, சின்னது போதுமா?" என்று கேட்டார். கவரைக் கேட்கவில்லை, பயோடேட்டாவுக்கு மேலே வைத்து அனுப்புகிற கடிதம், நான் யார், எனக்கு எதற்காக வேலை தர வேண்டும் என்று சொல்லும் கடிதம் என்று விளக்கினேன். "அதான் பயோடேட்டாவுலயே இருக்குதே, திருப்பி எதுக்கு?" என்றார்.

அது 2007. நான் புதுச்சேரியில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன், கடைசி வருடம். வாரம் முழுக்க விடுதி. சனிக்கிழமை பஸ் பிடித்து கடலூர் வழியாக புவனகிரியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பா சிதம்பரம் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மனு டைப் அடிப்பது, ஸ்டாம்பு ஒட்டுவது, கோர்ட் ஆபீசில் தாக்கல் செய்வது, கட்சிக்காரரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது எல்லாம் அவர் வேலை. வக்கீல் கோர்ட்டுக்குள் போகும்போது கேஸ் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போவார். உள்ளே போனதும் சுவர் ஓரமாக நிற்பார். பல வருடமாக அந்தச் சுவர் ஓரம்தான்.

நான் சட்டம் படிக்க வேண்டும் என்பது என் ஆசையாக ஆரம்பித்ததில்லை. "நீ பேசற எடத்துல இருக்கணும்மா, நிக்கற எடத்துல இல்ல" என்பார். வக்கீலும் நின்றுகொண்டுதானே பேச வேண்டும் என்று நான் மடக்கினால், "அது வேற நிக்கறது" என்பார். அதற்குமேல் விவாதம் கிடையாது.

ஆனால் சிதம்பரத்திலோ கடலூரிலோ நான் வக்கீலாக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஜூனியருக்குச் சம்பளம் கிடையாது. சீனியருக்கு ஞாபகம் வந்தால் பஸ் செலவுக்குக் கொடுப்பார். கேஸ் வருவது சொந்தக்காரர் வழியாக, ஊர்க்காரர் வழியாக, சாதிக்காரர் வழியாக. எங்கள் வீட்டில் வக்கீல் யாரும் இல்லை. கேஸ் போடுகிற அளவுக்கு நிலம் வைத்திருப்பவரும் இல்லை. அதைவிட முக்கியம், அந்தக் கோர்ட்டில் நான் எத்தனை வருடம் கறுப்புக் கோட்டுப் போட்டாலும் குமாஸ்தா மகள்தான். சென்னையில் பெரிய வக்கீல் அலுவலகங்கள் மாதச் சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கின்றன என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். அங்கே யாருக்கும் அப்பாவைத் தெரியாது. அந்த வேலைகளில் ஒன்று எனக்குக் கிடைத்தால் போதும். அதற்குத்தான் கவர் லெட்டர்.

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே உட்கார்ந்து, நல்ல கவர் லெட்டர் எழுதுவது எப்படி என்று யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். ஒரே பக்கம் இருக்க வேண்டும். எல்லா அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பக் கூடாது; அந்த அலுவலகம் ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். நான் கடின உழைப்பாளி என்று பீற்றாமல், செய்த வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசியாக, எங்கேயும் கெஞ்சக் கூடாது.

படிக்க நன்றாகத்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் திண்டாட்டம். அந்த அலுவலகம் ஏன் பிடித்தது? சம்பளம் கொடுப்பதால் பிடித்தது. செய்த வேலை என்ன? கோடை விடுமுறையில் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் பயிற்சிக்குப் போனேன். அவர் எனக்குக் கொடுத்த வேலை, வாய்தா கேட்க வருகிற ஜூனியர் எப்போது வந்து சேருவார் என்று வாசலில் நின்று பார்ப்பது. வாய்தா என்றால் கேஸை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைப்பது. அதைக் கேட்க வருபவருக்காகக் காத்திருந்தேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் ஒரு வேலை மாதிரி தெரியவில்லை. 'வழக்கு மேலாண்மையில் நேரடி அனுபவம்' என்று எழுதிவிட்டு, எனக்கே சிரிப்பு வந்து கோடு போட்டு அடித்தேன். பிறகு வேறு வழியில்லாமல் அதையே எழுதினேன்.

வெட்டியும் ஒட்டியும் ஒருவழியாக ஒரு கடிதம் தேறியது. ஈமெயிலில் பல அலுவலகங்களுக்கு அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல். அப்பாவுக்கு ஈமெயில் மேல் நம்பிக்கையே இல்லை. "கையெழுத்து இல்லாத காயிதத்த எவன் மதிப்பான்? எங்கிட்ட குடு, ஆபீஸ் மிசின்ல அடிச்சுத் தபால்ல போடறேன். டைப்பிங் எனக்குத் தெரியாததா?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கையால் எழுதிய கடிதத்தையும் விலாசங்களையும் அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதடு அசையப் படித்தார். படித்து முடித்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. பிரேயர் எங்க?"

மனுவில் கடைசியாக வருவது பிரேயர். நடந்ததையெல்லாம் எண் போட்ட பத்திகளில் சொல்லிவிட்டு, எனக்கு இன்னது வேண்டும் என்று கோர்ட்டை வேண்டிக்கொள்ளும் பகுதி. எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஆங்கில மனு எதுவானாலும் அந்தப் பிரேயர் ஒரே மாதிரிதான் முடியும்: 'அண்ட் தஸ் ரெண்டர் ஜஸ்டிஸ்'. இவ்வாறாக நீதி வழங்க வேண்டும் என்று அர்த்தம். வாடகை பாக்கிக்கும் அதுதான், ஜாமீனுக்கும் அதுதான், ஒரு வாரம் வாய்தா கேட்பதற்கும் அதுதான். அந்த நான்கு வார்த்தைகளை அப்பா தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

"இது கோர்ட்டு இல்லப்பா. இதுக்குப் பிரேயர் எல்லாம் கெடையாது" என்றேன்.

"கோர்ட்டா இல்லாட்டி என்னா? கேக்கறது கேக்கறதுதான. நீ பாட்டுக்கு உன்னப் பத்திச் சொல்லிட்டு நிறுத்திட்ட. என்னா வேணும்னு கேக்கவே இல்ல. கேக்காதத ஜட்ஜே குடுக்க மாட்டாரு."

"கெஞ்சக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"எவன் போட்டான்?"

அம்மா அடுப்படியிலிருந்து, "அவ படிச்சவ, அவ சொல்ற மாரியே அடிங்களேன்" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். நான் சாயங்கால பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வீட்டுக்குள் காலை வைத்ததும் அப்பா கேட்பது ஒன்றுதான். "ரிட்டர்ன் வந்துச்சா?" பதில் வர விடுதி விலாசம் கொடுத்திருந்ததால் என்னைத்தான் கேட்க வேண்டும். ரிட்டர்ன் என்பதும் கோர்ட் பாஷை. மனுவில் குறை இருந்தால் கோர்ட் ஆபீஸ் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் சும்மா திருப்பாது. ஸ்டாம்பு குறைவு, தேதி இல்லை, பிரிவு தவறு என்று காரணத்தை எழுதித்தான் திருப்பும். குறையைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்யலாம். அப்பா அந்த முறையைத்தான் உலகத்தின் முறை என்று நினைத்தார். வேலை தர மாட்டார்களா, சரி. என்ன குறை என்று எழுதி அனுப்பத்தானே வேண்டும்? "ரிட்டர்ன் வரட்டும், சரிபண்ணித் திருப்பிப் போடலாம்" என்று எனக்குத் தைரியம் சொல்வார்.

ரிட்டர்ன் வரவில்லை. வாரா வாரம் இல்லை இல்லை என்று சொல்லி எனக்கு எரிச்சலாக வந்தது. லால்பேட்டையில் கடை வைத்திருந்த அப்பாவின் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தால், "என்ன வக்கீலம்மா, சென்னைக்காரன் பதில் போட்டானா?" என்று சிரிப்பார். நல்ல மனுஷர். எனக்கு அவரைக் கண்டாலே ஓடி ஒளியத் தோன்றும்.

படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு போன் வந்தது. மயிலாப்பூரில் ஒரு வக்கீல் அலுவலகம். நேரில் வரச் சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னேன். வெளியே போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அடுத்த நாள் கோர்ட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நான் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினேன். நானும் நம்பினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதுச்சேரியைத் தாண்டாத எங்கள் சொந்தத்தில் நான் சென்னையில் சம்பளம் வாங்கப் போகிறேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அலுவலகம் குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் இருந்தது. எதிரே நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, நல்ல கைத்தறிப் புடவை. மேசை மேல் என் கடிதம் இருந்தது. என் கடிதம் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. நான் எழுதியது ஒரு பக்கம். இது இரண்டு பக்கம். மனு அடிக்கிற தடித்த லெட்ஜர் பேப்பர். இடது பக்கம் அகலமாக மார்ஜின். ஒவ்வொரு பத்திக்கும் எண். நான் ஆங்கிலத்தில் 'ஐ' என்று எழுதிய இடமெல்லாம் 'பெட்டிஷனர்', அதாவது மனுதாரர், என்று மாறியிருந்தது. கோர்ட்டில் கட்டுவதற்காக மடிப்பது போல நீளவாக்கில் இரண்டாக மடித்த கோடு நடுவில் இருந்தது. மடித்த வெளிப்பக்கத்தில், மனுவுக்குப் போடுவது போலவே, மனுதாரர் என்று என் பெயர், எதிர்மனுதாரர் என்று அந்த அலுவலகத்தின் பெயர்.

எனக்கு முகம் சுட்டது.

"இத நீங்கதான் எழுதினீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரியின் அடியில் பென்சிலால் கோடு இழுத்திருந்தது. சத்தமாகப் படித்தார்: ஆகவே மாண்புமிகு அலுவலகம் கருணை கூர்ந்து மனுதாரருக்கு ஒரு வேலை அளித்து, அண்ட் தஸ் ரெண்டர் ஜஸ்டிஸ். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவர்கள் இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு வணக்கம் சொன்னார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. யாருன்னு பாக்கணும்னு எல்லாரும் ஆசைப்பட்டோம்" என்றார் அந்த அம்மா. அவர் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி. காப்பி கொடுத்தார்கள். கம்பெனிப் பங்குதாரர் ஒப்பந்தம் எதையாவது படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. வழக்கு மேலாண்மை அனுபவம் என்று போட்டிருக்கிறீர்களே, அது என்ன? வாய்தா என்றேன். அவர் தலையை ஆட்டி, "ஓகே" என்றார். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். அந்தக் கடிதம் மேசை மேலேயே இருந்தது.

பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்பா மேல் கோபம், அந்தப் பென்சில் கோட்டின் மேல் கோபம், ஆமாம் நான்தான் எழுதினேன் என்று சொன்ன என் மேலும் கோபம். கடலூர் வந்தது, ஆலப்பாக்கம் வந்தது, கோபம் குறையவே இல்லை. அப்பா சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கோர்ட் விட்டதும் நேராக வந்துவிட்டார் போல. கையில் கேஸ் கட்டுப் பை இருந்தது.

"என்னாச்சும்மா? பிரேயரப் படிச்சாங்களா?"

அவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். என்ன கேள்வி கேட்டார்கள் என்றுகூட இல்லை.

"படிச்சாங்க" என்றேன்.

"என்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று என்னைப் பார்த்தார். "சிரிச்சாங்களா" என்றார், கேள்வியாக இல்லாமல். பிறகு பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "பசிக்குதா, டிபன் சாப்புடறியா?" என்றார். வேண்டாம் என்றேன். புவனகிரி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனோம். அன்றிலிருந்து அவர் பிரேயர் என்ற பேச்சையே எடுத்ததில்லை.

அதன் பிறகு கடிதங்களை நானே எழுதினேன், நானே பிரிண்ட் எடுத்தேன். நன்றாகவே எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே பக்கம், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வேறு வேறு கடிதம். அவர்கள் நடத்திய வழக்குகளைத் தேடிப் படித்து, அதில் எனக்கு எது பிடித்தது என்று எழுதினேன். வாய்தாவை எடுத்துவிட்டு, பரீட்சை முடிந்து அதே சீனியரிடம் போனபோது காடாம்புலியூரில் முந்திரித் தோப்புப் பாகப்பிரிவினை ஒன்றில் பத்திரங்களை நானே படித்து வரிசைப்படுத்தியதை எழுதினேன். அது உண்மை. கெஞ்சவில்லை. ஒரு பிழைகூட இல்லை. ஒரு பதில்கூட வரவில்லை. நான் எழுதிய கவர் லெட்டர்களிலேயே ஒன்றுக்குத்தான் கதவு திறந்தது, அது அப்பா அடித்தது, அதுவும் வேடிக்கை பார்ப்பதற்காகத் திறந்தது.

எதற்குப் பயந்தேனோ அதுதான் நடந்தது. வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, கடலூரிலேயே ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். மஞ்சக்குப்பத்தில் இரண்டு பெண்களோடு ஒரு அறை. காலையில் எழுந்து போய் வாய்தா வாங்குவேன். முன்பு வாசலில் நின்று யாருக்காகக் காத்திருந்தேனோ, இப்போது அந்த ஆள் நான்தான். சிதம்பரத்திலிருந்து வருகிற வக்கீல்கள் என்னைப் பார்த்தால், "நம்ம குமாஸ்தா பொண்ணு" என்று பக்கத்தில் இருப்பவருக்கு அறிமுகம் செய்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். பஸ் செலவு சில மாதம் வரும், சில மாதம் வராது. சனிக்கிழமை வீட்டுக்குப் போவேன். அப்பா, "இந்த வாரம் எதனா பேசினியா?" என்று கேட்பார். பேசினேன் என்பேன். வாய்தா கேட்பதும் பேச்சுதான்.

2012இல் அப்பாவின் வக்கீல் உடம்பு முடியாமல் தொழிலை நிறுத்திக்கொண்டார். அவர் பையன் சென்னையில் வேறு தொழிலில் இருந்தார். வந்து ஆபீசைக் காலி செய்தார். டைப்ரைட்டரை எடைக்குப் போட்டார்கள். அப்பாவுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மற்ற வக்கீல்களிடம் கம்ப்யூட்டர் தெரிந்த பையன்கள் சேர்ந்திருந்தார்கள். கடலூரில் ஒரு பெரிய வக்கீல் ஆள் எடுக்கிறார், ஆனால் நேரே வர வேண்டாம், எழுதிப் போடச் சொன்னார் என்று கேள்விப்பட்டோம். அப்பா தன் வாழ்க்கையில் வேலைக்கு என்று ஒரு கடிதம் எழுதியதில்லை. சின்ன வயதில் யாரோ கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள், அவ்வளவுதான்.

"நீ ஒரு கவர் லெட்டர் எழுதிக் குடும்மா" என்றார். கவர் லெட்டர் என்றே சொன்னார்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் போட்டு எழுதினேன். ஒரே பக்கம். பீற்றல் இல்லை. அவர் தாக்கல் செய்த மனுக்கள் குறையென்று திரும்பி வருவது மிகவும் அபூர்வம் என்று எழுதினேன், அது அந்தக் கோர்ட்டுக்கே தெரிந்த விஷயம். எழுதி முடித்து, கடைசியில் ஒரு வரி இடைவெளி விட்டு, 'அண்ட் தஸ் ரெண்டர் ஜஸ்டிஸ்' என்று சேர்த்தேன். அதைப் பார்த்தால் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து, உங்கள் வரிதான் சரி என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதடு அசையப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் உதடு நின்றது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் பழைய ஸ்கேலை மேசையிலிருந்து தேடி எடுத்து, அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். மனுவில் எதையாவது அடித்தால் பக்கத்து மார்ஜினில் இனிஷியல் போட வேண்டும். இல்லாவிட்டால் அடித்தது செல்லாது. மார்ஜினில் இனிஷியல் போட்டார்.

"இது வேணாம்மா. சிரிப்பாங்க" என்றார்.

வேறு பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றேன். "எதுக்கு? இனிஷியல் போட்டாச்சே, செல்லும்" என்று சொல்லி, கடிதத்தைச் சாதாரணமாக மூன்றாக மடித்து, அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்து உள்ளே வைத்தார்.

பதிலுக்கு என் கடலூர் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தோம். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். எதுவும் வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். வாசலில் செருப்பை விட்டு உள்ளே போனபோது அப்பா தலையை நிமிர்த்தி, "வாம்மா, சாப்புடு" என்றார். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். ரிட்டர்ன் வந்ததா என்று அவர் கேட்கவே இல்லை.